எமண்ணனும் வழுக்கியும்

"என் கைக்கு வந்தது எதுவும் இதுவரைக்கும் உயிரோட வெளிய போனதில்ல."

இப்படி மார்தட்டியவர் தளபதியோ கூலிக்குக் கொலை செய்பவரோ அல்லர். நுண்ணுயிர் ஆய்வு நிறுவனம் ஒன்றின் கழுவும் அறையில், முழங்கைவரை ரப்பர் உறையும் இடுப்பில் ஈரத்துண்டுமாக நின்றவர். புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு அன்று நிறுவனத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சுருட்டை முடிக்காரி ஒருத்தி, "இவ்வளவு கிருமிய வளக்கறீங்களே, ஒண்ணு ரெண்டு தப்பிச்சு வெளிய போயிடாதா?" என்று கேட்டுவிட்டாள். அதற்குத்தான் இந்தப் பதில். பதிலோடு நிறுத்தாமல், பக்கத்தில் நின்ற இயந்திரத்தின் வயிற்றில் இரண்டு தட்டும் தட்டினார், தன் மாட்டுக்கு விலை சொல்பவர் மாதிரி.

அந்த இயந்திரத்துக்கு ஆட்டோகிளேவ் என்று பெயர். வீட்டுக் குக்கரின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். நிறுவனத்தில் செல்லமாக வளர்க்கப்பட்டு, ஆராயப்பட்டு, படம் பிடிக்கப்பட்டு, பிறகு யாருக்கும் வேண்டாமல் போன கிருமிகளும் பூஞ்சைகளும் கடைசியில் அதற்குள்தான் வந்து சேரும். அவர் மூடியை இறுக்குவார், நீராவியை ஏற்றுவார், அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்வார். பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு விழுந்தால் வெந்துவிட்டது என்று கணக்கு. கோடு விழாத பொட்டலத்தை அவர் ஒருநாளும் குப்பைக்கு விட்டதில்லை. மேல்மாடியில் கண்டுபிடித்ததாகச் சொன்னவை பலவும் பிற்பாடு இல்லை என்று ஆகியிருக்கின்றன. கீழே இவர் கொன்றதாகச் சொன்னது எதுவும் எழுந்து வந்து மறுப்புத் தெரிவித்ததில்லை.

ஆகவே அவருக்கு எமன் என்று பெயர் வந்தது. வயதுக்கு மரியாதை கொடுத்து எமண்ணன். "எமண்ணே, இந்தப் பையையும் சேத்துப் போட்டு அவிச்சிடுங்க" என்பது அந்தக் கட்டடத்தில் மிகச் சாதாரணமான வாக்கியம். வெளியாட்கள் கேட்டால்தான் கொஞ்சம் மிரள்வார்கள்.

வீட்டில் இந்தக் கீர்த்தி செல்லவில்லை.

"ஊரையே கொன்னுட்டு வர்றீங்க. இங்க ஒரு கரப்பான்பூச்சிய அடிக்கக் கை வரமாட்டேங்குது" என்பாள் மனைவி.

"ஆபீஸ் வேலைய வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அது ஒரு ஒழுக்கம்."

"அப்ப நான் அடிக்கறேன். நீங்க ஒழுக்கமா காலைத் தூக்கிக்கங்க."

அவர் தூக்கிக்கொள்வார். குடும்பம் இப்படியாக நன்றாகவே நடந்துவந்தது.

அந்தக் காலத்தில் மேல்மாடியில் ஒரு தாடிப் பேராசிரியர் இருந்தார். அலையாத்தி மரங்களின் இலைக்குள்ளும் குச்சிக்குள்ளும் குடியிருக்கும் பூஞ்சைகள்தான் அவருக்கு எல்லாம். உப்புத் தண்ணீரிலும் மூச்சுவிட முடியாத சேற்றிலும் அந்த மரங்கள் நிற்கின்றன அல்லவா? அவற்றுக்குள் இந்தப் பூஞ்சைகள் சத்தமில்லாமல் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. வீட்டுக்காரருக்குத் தொல்லை கிடையாது. சில பூஞ்சைகள் வாடகைக்குப் பதிலாக வாசலில் காவலும் இருக்கும். வேறு கிருமி உள்ளே வந்தால் விரட்டுவதற்கென்று ஏதோ ஒரு சாறு சுரக்கும். அந்தச் சாற்றிலிருந்து மனிதருக்கு மருந்து எடுக்கலாம் என்பது தாடியின் நம்பிக்கை. இலையை ஸ்பிரிட்டில் முக்கி வெளித்தோலில் இருப்பதையெல்லாம் ஒழித்துவிட்டு, துண்டு துண்டாக நறுக்கிச் சத்துக்கூழ் ஊற்றிய தட்டில் வைப்பார். அதற்குப் பிறகும் எது முளைக்கிறதோ அது உள்ளே குடியிருந்தது.

இலை பறிக்கப் படகில் போகும்போது மூட்டை தூக்க எமண்ணனையும் அழைத்துப் போவதுண்டு. ஒரு விடுமுறை நாளில் மனைவியும் கிளம்பிவிட்டாள். "கடல் தண்ணியில மரம் நிக்குதாமே, எனக்கும் பாக்கணும்" என்றாள். சேறு என்று சொல்லியும் கேட்காமல் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். படகை விட்டு இறங்கியதும் வழுக்கினாள்.

"பிடிங்க, பிடிங்க!"

"எதப் பிடிக்க, உன்னையா செருப்பையா?"

"செருப்ப விடாதீங்க, புதுசு!"

அவர் செருப்பைப் பிடித்தார். அவள் கைக்கு எட்டிய கிளையைப் பிடித்தாள். கிளை முறிந்து கையோடு வந்தது, அவள் சேற்றில் உட்கார்ந்தாள்.

படகிலிருந்து தாடி பதறினார். "அம்மா, அந்த மரம் நம்ம திட்டத்துலயே இல்லம்மா. அதத் தொடவே கூடாது."

"உடைச்சாச்சு சார். இனிமே ஒட்டவா முடியும்? வீணாக்காம பையில போடுங்க."

தாடிக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. பையில் போட்டார்.

அந்தக் குச்சிக்குள்ளிருந்து வெள்ளையாக, பஞ்சுபோல ஒரு பூஞ்சை வந்தது. அதை ஒரு தட்டின் நடுவில் வைத்து, சுற்றிலும் ஆஸ்பத்திரிகளில் குடிகொண்டு எந்த மருந்துக்கும் மசியாத ஒரு கிருமியைப் பூசினார்கள். மறுநாள் பார்த்தால் பூஞ்சையைச் சுற்றிச் சுத்தமாக ஒரு வட்டம். கிருமி கால் வைக்கப் பயந்த வட்டம். தாடி ஓடிவந்து கழுவும் அறையில் அந்தத் தட்டைக் காட்டினார். "எமண்ணே, உங்க வீட்டம்மா விழுந்தாங்களே, அதுல வந்தது!" பூஞ்சைக்கு வாயில் நுழையாத எண் ஒன்று உண்டு. ஆனால் அன்று முதல் எல்லோரும் வழுக்கி என்றே கூப்பிட்டார்கள்.

பத்திரிகையிலும் வந்தது. கொடுங்கிருமிக்குச் சாவுமணி, சேற்றுக்காட்டில் அற்புத மருந்து என்று தலைப்பு. பக்கத்தில் தாடி சோதனைக்குழாயைச் சூரியனுக்குக் காட்டுவதுபோல் படம்.

"என் பேரு எங்கங்க?" என்றாள் மனைவி.

"பூஞ்சை பேரையே தப்பாப் போட்டிருக்கான். உன் பேரப் போடுவானா?"

"நான் விழலன்னா மருந்து ஏது?" என்று தெருவெங்கும் சொல்லிவைத்தாள். தெருவும் கொஞ்ச காலம் மரியாதையாகத்தான் இருந்தது.

பிறகு வழுக்கி வேலையை நிறுத்திவிட்டது.

ஆய்வகத்தில் அதற்கு உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் கொடுத்தார்கள். பழைய குழாயில் சத்து தீர்ந்தால் புதுக் குழாய்க்கு மாற்றினார்கள். உப்பு இல்லை, சேறு இல்லை, வாசலில் வந்து நிற்கும் பகை இல்லை. அது கொழுத்தது, வெண்மையாகப் படர்ந்தது, சாறு மட்டும் சுரக்கவில்லை. வேலை நிரந்தரமானவுடன் மேசையில் தலை சாய்ப்பவர்களை அந்த நிறுவனம் பார்த்திருக்கிறது, ஆகவே யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மரத்தை விட்டுப் பிரிந்த பூஞ்சைக்கு இது நடப்பதுதான் என்றார் தாடி. உப்புப் போட்டுப் பார்த்தார், இலைச்சாறு கலந்து பார்த்தார். எப்போதாவது ஒரு சின்ன வட்டம் விழும், அடுத்த முறை விழாது. இப்படியே ஓய்வு பெற்றும் போய்விட்டார். அந்த மரமும் பாலம் கட்டியபோது போயிற்று. துடுக்காகக் கேள்வி கேட்ட சுருட்டை முடிக்காரிதான் மிச்சம். குழாய் மாற்றி மாற்றி வழுக்கியைக் காப்பாற்றிக்கொண்டு, அதற்குப் பழைய புத்தி திரும்புமா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

மனைவிக்கு முட்டியில் அறுவை நடந்தது. எல்லோருக்கும் நடப்பதுதான், ஒரு வாரத்தில் நடந்து வருவீர்கள் என்றார்கள். தையல் போட்ட இடம் ஆறவில்லை. சிவந்தது, சீழ் வைத்தது, காய்ச்சல் ஏறியது. வராந்தாவில் ஓர் இளம் டாக்டர் அவரை ஓரமாக அழைத்து, "எந்த மருந்துக்கும் கேக்கமாட்டேங்குது" என்று சொல்லிக் கிருமியின் பெயரைச் சொன்னார்.

"தெரியும்" என்றார் எமண்ணன்.

"நீங்க டாக்டரா?"

"இல்ல. நான் அவிக்கறவன்."

டாக்டருக்குப் புரியவில்லை. தினமும் அண்டா அண்டாவாக அவர் அவித்துத் தள்ளிய அதே கிருமி. பைகளின் மேல் அந்தப் பெயரைப் படித்துப் படித்தே அவருக்கு அந்த எழுத்துகள் பழகியிருந்தன. நேருக்கு நேர் சந்தித்தது இப்போதுதான். நீராவி ஏற்ற வழியில்லாத இடத்தில்.

கட்டிலில் கிடந்தவள் மட்டும் விடவில்லை. "உங்க வழுக்கி எங்க? கொஞ்சம் கொண்டுவந்து தடவுங்களேன்."

"அது இப்ப வேலை செய்யறதில்ல."

"உங்க ஆபீஸ்ல யாருதான் செய்யறாங்க?"

அதற்குப் பின் அவள் பேசியவை தண்ணீர் வேண்டும், விளக்கை அணைக்கச் சொல்லுங்கள் போன்றவைதான். ஆகவே அவளுடைய கடைசிப் பேச்சு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அவள் போனபின் அவர் அழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கடைசி பஸ் போய்விட்ட நிறுத்தத்தில் நிற்பதுபோல நின்று பார்த்தார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து எதிர்பார்த்ததாகவே தெரிகிறது. வரவில்லை. வெளியூரிலிருந்து வந்த மகள் கட்டிக்கொண்டு அழுதபோது அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார், கை தட்டுவது அவருக்கே தெரிந்தது, தட்டுவது யார் கை என்பது மட்டும் அவ்வளவாக விளங்கவில்லை. மகளும் திரும்பிப் போனாள். அவர் வேலைக்கு வந்தார்.

வந்த அன்று முதல் பையிலேயே அந்தப் பெயர் இருந்தது. இந்த இடத்தில் ஒரு மனிதருக்குப் பல் கடிக்கத் தோன்ற வேண்டும், பழிவாங்கிய திருப்தியாவது கொஞ்சம் வர வேண்டும். மூடியை இறுக்கினார். முள் ஏறியது, இறங்கியது. டேப்பில் கறுப்புக் கோடு விழுந்தது. குப்பைக்கு அனுப்பிவிட்டு அடுத்த பையை எடுத்தார்.

நிறுவனம் அவருக்குக் காட்டிய ஒரே அனுதாபம் எமண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தியதுதான். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, தானாக நின்றது. சார் என்றார்கள். இத்தனை காலம் உழைத்தும் கிடைக்காத சார் பட்டம் மனைவி செத்தவுடன் கிடைத்தது. மனைவி பேச்சு வந்தாலோ எதிரில் இருப்பவர் வாய் தானாக மூடிக்கொள்ளும், கண் தரையில் ஏதாவது தேடும். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால்கூடச் சிலர் எழுந்து போனார்கள், உள்ளே யார் சமைத்தது என்ற கேள்வி வந்துவிடுமோ என்று பயந்து.

இப்படியிருக்கும்போது புது டைரக்டர் வந்தார். வந்தவுடன் சுவரில் இருந்த படங்களை மாற்றினார், பிறகு பிரிட்ஜைத் திறந்தார்.

"இது என்ன?"

"வழுக்கி சார். அலையாத்தியில இருந்து வந்த பூஞ்சைங்க எல்லாம் இந்த அடுக்குலதான் இருக்கு" என்றாள் சுருட்டை.

"மருந்து குடுக்குதா?"

"இப்ப குடுக்கல. ஆனா எப்படிக் குடுக்க வைக்கறதுன்னு—"

"குடுக்காத மாட்டுக்குக் கொட்டகை எதுக்கும்மா?" முகப்பூச்சு தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் சோதனை டப்பாக்கள் வரவிருந்தன. முகத்தைப் பளபளப்பாக்கும் பொருட்டு அவை குளிரில் இருந்தாக வேண்டும். "வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த அடுக்கு காலி ஆகணும். எல்லாத்தையும் அழிச்சிடுங்க. முறையா, ஆட்டோகிளேவ்ல போட்டு. நானே வந்து பாப்பேன்."

வியாழக்கிழமை மத்தியானம் சுருட்டை கழுவும் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"எமண்ணே" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பல மாதங்களுக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் காதில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் இருந்ததைக் கோபம் என்றும் சொல்ல முடியாது.

"சொல்லு."

"மத்ததெல்லாம் வேற ஆய்வகங்கள்ல இருக்கு அண்ணே. வழுக்கி மட்டும் எங்கயும் இல்ல. அதையும் அனுப்பறேன்னு டைரக்டர்கிட்ட கேட்டேன், கமிட்டி கூடட்டும்னாரு. கமிட்டி அடுத்த வருஷம்தான் கூடும். மரமும் போச்சு. இந்த ஒரு குழாய்தான். இது அவிஞ்சா முடிஞ்சது."

"நீ எடுத்துட்டுப் போயேன்."

"நேத்தே என் பைய வாங்கிப் பாத்தாரு. எடுத்தது தெரிஞ்சா எனக்குப் பட்டமே கிடைக்காது."

"அப்ப?"

"நீங்க ஒரே ஒரு தடவை..." மேலே சொல்லாமல் நிறுத்தினாள். பிறகு, "அக்கா ஒடிச்ச குச்சிதானே அது" என்றாள்.

வழக்கப்படி அவள் கண் தரைக்குப் போயிற்று. கழுவிய கண்ணாடிக் குடுவைகளைக் கவிழ்த்து வைக்கும் வேலை பாக்கி இருந்தது, அவர் அதைச் செய்தார். அவள் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை அவரே போய் அடுக்கைக் காலி செய்தார். சாய்வாக உறைந்த கூழின் மேல் வெள்ளையும் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சைகள் படர்ந்த குழாய்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பிக்கூடையில் நிறுத்தினார். வழுக்கியின் குழாய் கைக்கு வந்தது. குண்டாக, வெள்ளையாக, உலகக் கவலை இல்லாமல் இருந்தது. அதைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. செருப்பைப் பிடித்ததற்குப் பதில் அவளைப் பிடித்திருந்தால் இது இருந்திருக்காது என்று மட்டும் ஒரு கணக்கு மனத்தில் ஓடியது, விடை எதற்கும் உதவவில்லை. கை அதைக் கூடைக்குக் கொண்டுபோகாமல் ஏப்ரனுக்குள் விட்டு, சட்டைப்பையில் வைத்தது. கூடையில் உண்டான இடத்தை ஒரு காலிக் குழாய் நிரப்பியது. சொன்ன வேலையைத்தான் இந்தக் கை இத்தனை காலமும் செய்துவந்தது. இன்று யார் சொன்னது என்று அவர் விசாரிக்கவில்லை.

டைரக்டர் வந்தார். மூடி இறுகியது, முள் ஏறியது. டைரக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் பிழைச்சுக்காதே?"

இதற்கென்றே தயாராக ஒரு வாக்கியம் அவரிடம் இருந்ததை அந்தக் கட்டடமே அறியும். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சுருட்டையும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"மெஷின் நல்லா இருக்கு சார்" என்றார் எமண்ணன்.

மூடி திறந்தது. டேப்பில் கறுப்புக் கோடு. டைரக்டர் தலையாட்டிவிட்டு முகப்பூச்சைக் கவனிக்கப் போனார். சுருட்டை கூடையைப் பார்த்தாள். வெந்து தொங்கிய பூஞ்சைகளுக்கு நடுவே ஒரு குழாய் மட்டும் துடைத்தாற்போலக் காலியாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் படியேறினாள்.

சாயங்காலம் வாசலில் வாட்ச்மேன் வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"என்ன சார், பாக்கெட்டுல பளபளன்னு? புதுப் பேனாவா?"

"பேனா இல்ல."

"பின்ன?"

"வீட்டம்மாவுது."

வாட்ச்மேனின் வாய் மூடிக்கொண்டது. கண் தரையில் எதையோ தேடியது. வாசலின் தடுப்புக் கம்பு உயர்ந்தது.

வீட்டில் அவர் சட்டையை மாற்றாமல் நேரே அடுப்படிக்குப் போனார். உருளைக்கிழங்கைத் தோல் சீவி நறுக்கி வேகவைத்தார். மகள் போன் செய்தாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"உருளைக்கிழங்கு வேகுது."

"நீங்களா சமைக்கறீங்க?" அவள் குரலில் சந்தோஷம். "உடம்புக்கு நல்லதுப்பா, உப்பு மட்டும் கம்மியாப் போடுங்க."

"உப்பு கொஞ்சம் தூக்கலாத்தான் போடணும். எனக்கில்ல."

"பின்ன யாருக்கு? யாரு வந்திருக்கா?"

"உங்கம்மா சைடு" என்றார். அடுத்த வாரமே வந்து பார்க்கிறேன் என்று பயந்த குரலில் சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.

கிழங்குச் சாற்றை வடிகட்டிச் சர்க்கரையும் உப்பும் போட்டார். ஜெல்லி செய்வதற்காக மனைவி வாங்கிவைத்த கடற்பாசி பாதிப் பொட்டலம் மிச்சமிருந்தது, அதையும் கரைத்தார். சுத்தமான கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, வீட்டுக் குக்கரில் வைத்து விசில் வரவிட்டார். கூழ் சாய்வாக உறைவதற்குப் புட்டியின் கழுத்துக்குக் கீழே ஏதாவது முட்டு வேண்டும். அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூடு அளவாக இருந்தது. உறைந்தபின் ஊசியை அடுப்புத் தீயில் பழுக்கக் காட்டி, ஆறவிட்டு, பழைய குழாயிலிருந்து வெள்ளை நூல் கொஞ்சம் எடுத்துப் புதுக் கூழின் மேல் வைத்தார். மற்றவர்கள் செய்யப் பார்த்திருக்கிறார், தானே செய்தது இதுதான் முதல் தடவை. பஞ்சால் வாயை அடைத்து ஜன்னலோரம் வைத்தார்.

சில நாள் ஒன்றும் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. வேலைக்குப் போனார், அவித்தார், வந்தார். ஒருநாள் காலை முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது கூழின் மேல் நகக்கண் அளவுக்கு வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. குனிந்து பார்த்தார். சாறு சுரக்கிறதா, பழைய புத்தி திரும்பியதா என்றெல்லாம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போனவர், திரும்பி வந்தார். பூட்டைத் திறந்தார். புட்டியின் மேல் வெயில் விழாதபடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு போனார்.